மீசை வைத்த விளக்கு

ஜனவரி 4

ரோஷக்காரக் கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுறேன். பிரிக்காமலே கிழிச்சுப் போடலாம்னு கை துறுதுறுங்குதா? போடு. உள்ள ஒரு போட்டோ இருக்கு, அதையும் சேர்த்துக் கிழிச்சா அந்தப் பாவம் உனக்குத்தான்.

நீ சுரங்கம் குடையுற மலையில டவரே கிடைக்காதாம், வாரம் ஒரு தடவை சாமான் லாரியில தபால் ஏறுமாம். உன் கம்பெனி ஆபீஸ்ல கேட்டேன். நல்லதாப் போச்சு. போன்ல பேசினா உன் அண்ணன் செவுத்துக்கு அந்தப் பக்கம் காதை நீட்டிட்டு உட்காருவார். காகிதத்துக்குச் சத்தம் கிடையாது. அஞ்சாம் கிளாஸ்ல பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவ எழுத்து, கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும். நீ எலக்ட்ரீசியன் படிப்பு படிச்ச ஆளாச்சே, ஒயரைச் சரி பண்ற மாதிரி இதையும் சரி பண்ணிப் படிச்சுக்கோ.

விஷயம் என்னன்னா, கோவிச்சுக்கிட்டுப் போனப்ப பையை எடுத்தே, செருப்பை எடுத்தே, கேமரா மாட்டின டெலஸ்கோப்பை மட்டும் விட்டுட்டே. மொட்டை மாடி அறையில அது பீரங்கி மாதிரி என்னையே பார்த்துட்டு நின்னுச்சு. தூசி தட்டத்தான் போனேன், சத்தியமா. ஆனா எத்தனை வருஷம் உனக்கு டார்ச் பிடிச்சிருக்கேன்! எந்தப் பொத்தானுக்கு அப்புறம் எந்தப் பொத்தான்னு என் விரலுக்கே பாடமாயிடுச்சு. ஒரு சாயங்காலம், தையல் மிஷினை மூடின கையோட, சட்டைப் பொத்தான் மாதிரி மூணு நட்சத்திரம் வரிசையா நிக்குமே, அதுக்குக் கீழ நீ "புகை, புகை"ன்னு காட்டுவியே, அதைப் பிடிச்சேன்.

ஸ்டுடியோக்காரர் பிரிண்டைக் கையில கொடுத்தார். எனக்குப் பேச்சு வரல. எனக்கு! ரோஜாப்பூவைத் தண்ணியில கரைச்சு விட்ட மாதிரி அங்க ஒண்ணு விரிஞ்சு கிடக்கு. இவ்வளவு நாளா அது நம்ம துணிக்கொடிக்கு மேலயே இருந்திருக்கு, நான் தலை நிமிராம ஈரப் பாவாடையை உதறிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கு மேல பாரு, ஓரத்துல, வெள்ளையா ஒரு வில் வளைஞ்சு நிக்குது. நீ எடுத்த எந்தப் படத்துலயும் அது இல்ல. ஸ்டுடியோக்காரர் சட்டம் போட்டுக் கடை வாசல்ல மாட்டுறேங்கிறார். கீழ் வீட்டு நர்சம்மா, "அக்கா, புதுசா கண்டுபிடிச்சவங்க பேரைத்தான் வைப்பாங்களாம், உங்க பேரு வானத்துல ஏறப் போகுது"ங்கிறாங்க. எங்க கொழுந்தன் பார்த்துச் சரின்னு சொல்லட்டும்னு நிறுத்தி வச்சிருக்கேன். சீக்கிரம் எழுது, எனக்கு இருப்புக் கொள்ளல.

உன் அண்ணனைப் பத்தி நீ கேக்காதே, நானும் சொல்ல மாட்டேன். பஸ் ஓட்டின கையை டிப்போவுல டிக்கெட் கட்டு அடுக்க வச்சிருக்காங்க. மூஞ்சியை இஸ்திரி போட்டாலும் சுருக்கம் எடுபடாது. அவ்வளவுதான். சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல?

உன் அண்ணி

*

ஜனவரி 15

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது. குவியம் என் படங்களைவிடத் துல்லியம். ஆனால் அந்த வில் வானத்தில் இல்லை. கடை வாசலில் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் முன்பு "திருட்டு வெளிச்சம்" என்று திட்டுவேனே, அதுதான் இது. நட்சத்திரத்திலிருந்து வராமல், பக்கவாட்டில் எங்கிருந்தோ குழாய்க்குள் நுழைந்து, எதிலோ பட்டுத் தெறித்து, கேமராவில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதலில் டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். நட்சத்திரங்களோடு வில்லும் நகர்ந்தால் அது வானத்துச் சொத்து. நட்சத்திரங்கள் நகர்ந்து, வில் அதே இடத்தில் நின்றால் நம் வீட்டுச் சொத்து.

அடுத்து கேமராவை மட்டும் கால் சுற்று திருப்பி ஒரு படம். கேமரா திரும்பும்போது வில்லும் கூடவே ஒட்டிக்கொண்டு திரும்பி, படத்தில் அதே மூலையில் இருந்தால் கோளாறு கேமராவுக்குள். மூலை மாறினால் கேமரா மேல் பழி இல்லை, வெளிச்சம் வெளியிலிருந்து வருகிறது. அப்போது ஒரு குடையை விரித்து, சுற்றி இருக்கும் விளக்குகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். திருடன் அகப்படுவான்.

நீங்கள் சொல்லாமல் சொன்ன விஷயம் பற்றி: அன்று நான் அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தெருக்கோடியில் வந்த கார் விளக்குக்கு பிரேக் போட்டார். மூக்குக்கு முன்னால் போன தள்ளுவண்டியைப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் எகிறிக் குதித்ததால் பிழைத்தார். பஸ் நிறைய ஆட்கள். வீட்டில் சொன்னேன், கேட்கவில்லை. டிப்போ மேனேஜரிடம் சொன்னேன். "இனி என் படியேறாதே" என்றார் அண்ணன். உங்கள் காதிலும் விழுந்தது.

நான் ஏறப் போவதில்லை. சொன்னதற்கு வருத்தமும் இல்லை. திரும்ப அப்படி நடந்தால் திரும்பவும் சொல்வேன்.

கொழுந்தன்

*

ஜனவரி 24

ஏய் தந்திக் கம்பம்,

மருந்துச் சீட்டு மாதிரி ஒரு லெட்டர்! அண்ணி நல்லா இருக்கியான்னு ஒரு வரி எழுதினா மை தீர்ந்துடுமா? போகட்டும். நீ சொன்னதை ஒண்ணு விடாம செஞ்சேன்.

பீரங்கியை நகர்த்தினேன். நட்சத்திரமெல்லாம் ஒழுங்காத் தள்ளிப் போச்சு. வில் மட்டும் நகர மாட்டேன்னு நிக்குது, உங்க குடும்பத்து ஆளு மாதிரி. கேமராவைத் திருப்பினேன், மூலை மாறிடுச்சு. சரி, கேமரா நிரபராதி. அப்புறம் உன் அண்ணனோட பெரிய கறுப்புக் குடையைத் தூக்கிட்டுப் போனேன். ஒரு சொட்டு மழை இல்ல, வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு, நான் மொட்டை மாடியில குடை பிடிச்சுட்டு இங்கயும் அங்கயும் நடக்குறேன். எதிர் மாடி வாத்தியார், "என்னம்மா, உங்களுக்கு மட்டும் தனியா பெய்யுதா?"ன்னு கேட்டார். "ஆமா சார், வெளிச்சம் பெய்யுது"ன்னேன். மனுஷன் கதவைச் சாத்திட்டார்.

தெரு விளக்கை மறைச்சேன், வில் இருக்கு. வாத்தியார் ஜன்னலை மறைச்சேன், இருக்கு. நம்ம மாடிப்படி விளக்கை மறைச்சேன், காணோம்! துடைச்சுப் போட்ட மாதிரி காணோம். திருடனை வீட்டுக்குள்ளயே வச்சுட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்.

இப்ப ஒரு சின்ன விஷயம். திட்டாதே. முதல் படம் எடுக்குறதுக்கு முன்னாடி, தூசி தட்டினப்பவே, குழாய்க்குள்ள பூசியிருந்த கறுப்புச் சாயம் உரிஞ்சு உரிஞ்சு கண்ணாடி மேல விழுந்துச்சு. தையக்காரி சும்மா இருப்பாளா? வக்கீலம்மா கோட்டுக்கு வாங்கின உள்துணி மிச்சம் இருந்துச்சு, நல்ல கறுப்பு சாட்டின், கடையிலேயே உசத்தியானது. அளவெடுத்து, வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாம குழாய்க்குள்ள ஒட்டி விட்டேன். வானத்தைப் பார்க்குற பொருள், அதுக்கு மட்டமான துணி போடலாமா? இப்ப சொல்லு, அதுல தப்பு இருக்கா?

நீ இருந்தப்பவும் அந்த விளக்கு எரிஞ்சுதேன்னு கேப்ப. அது அழுது வடிஞ்ச பழைய பல்பு. நீ போனப்புறம் உன் அண்ணன் படி தெரியலைன்னு பெருசா ஒண்ணு மாட்டியிருக்கார், கல்யாண மண்டபம் மாதிரி.

பேரு வானத்துல ஏறலைன்னு நர்சம்மாவுக்குத்தான் வருத்தம். எனக்கு வேற ஒண்ணு தலைக்குள்ள ஓடுது. அந்த ரோஜாப் புகை எவ்வளவு தூரத்துல இருக்கும்? அவ்வளவு தூரமும் வழி தப்பாம அது என் மாடிக்கு வந்து சேருது. பக்கத்துல, நான் எட்டித் தொடுற தூரத்துல ஒரு பல்பு அதை மறைச்சிடுது. துணியை மடிச்சுட்டே நினைச்சேன், மடிப்பு கோணலாப் போச்சு.

நல்லா இருக்கேன். நீ கேக்கல, நானே சொல்லிக்கிறேன்.

அண்ணி

*

பிப்ரவரி 2

அண்ணி,

நல்லா இருக்கீங்களா? (கேட்டுட்டேன்.)

சாட்டின்! ஷிப்ட் முடிஞ்சு வந்து கட்டில்ல படுத்துட்டுப் படிச்சேன். சிரிச்ச சிரிப்புல மேல் கட்டில் ஆள் எழுந்து, "ஊர்ல யாருக்காவது குழந்தை பிறந்துருக்கா?"ன்னு கேட்டான். இங்க வந்து நான் சிரிச்சு அவன் பார்த்ததே இல்லையாம். உலகத்துல எத்தனையோ பேர் டெலஸ்கோப் வச்சிருக்காங்க, ஒருத்தர்கூட அதுக்கு வக்கீல் கோட்டுத் துணியில ஜாக்கெட் தைச்சிருக்க மாட்டாங்க.

சாட்டின் நேராப் பார்த்தாத்தான் கறுப்பு. சாய்ச்சுப் பிடிச்சா மினுக்கும், உங்களுக்குத் தெரியாததா. விளக்கு வெளிச்சம் குழாய் வாயில சாய்வா நுழையுது, கேமரா ஓட்டைக்கு எதிர்ச் சுவர்ல இருக்குற சாட்டின்ல வழுக்குது, நேரா ஓட்டைக்குள்ள குதிக்குது. வளைஞ்ச சுவர், அதான் வளைஞ்ச கோடு. அதைப் பிரிச்சுட்டு வெல்வெட் ஒட்டுங்க. ரோமம் எந்தப் பக்கம் சாயணும்னு உங்க கைக்கே தெரியும்.

அந்தப் புகை எவ்வளவு தூரம்னு கேட்டீங்க. அங்கிருந்து வெளிச்சம் வந்து சேர ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகும். வெளிச்சத்தைவிட வேகமா ஓடுற எதுவும் கிடையாது, அதுக்கே அவ்வளவு நாள். உங்க படத்துல இருக்குறது அது இன்னைக்கு இருக்குற முகம் இல்ல. நம்ம பரம்பரையில நமக்குப் பேர் தெரிஞ்ச யாருமே பிறக்காத காலத்துல அது கிளம்பி, நடுவுல எதுலயும் முட்டாம வந்து, உங்க சாட்டினைத் தாண்டிப் படத்துல விழுந்திருக்கு. ராத்திரி வேலை முடிஞ்சு சுரங்க வாய்க்கு வெளிய வந்தா அந்த மூணு நட்சத்திரமும் மலை மேல நிக்குது. நீங்களும் பார்த்துட்டு இருப்பீங்கன்னு நினைச்சுப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. அந்தப் படியில அண்ணன் சின்ன வயசுலேருந்து இருட்டுலயே ஏறி இறங்குவார். கரண்ட் போனா என்னைத் தோள்ல தூக்கிட்டு இறங்குவார். அவருக்குப் படி தெரியலையா? உங்க படத்துல விழுந்தது பல்பு வெளிச்சம்தான். ஆனா அந்தப் பல்பு ஏன் அங்க வந்துச்சுன்னு யோசிச்சீங்களா?

நான் சொன்னா எரிஞ்சு விழுவார். நீங்க சொன்னா சிரிக்கவாவது செய்வார்.

கொழுந்தன்

*

பிப்ரவரி 12

கொழுந்தா,

உன் லெட்டரைப் படிச்சதுலேருந்து நான் கேலி பேசவே இல்ல. வீட்டுல எனக்குக் காய்ச்சலான்னு கேட்டார் உன் அண்ணன்.

வெல்வெட் ஒட்டி முடிச்சேன். ஒரு பக்கம் தடவினா வெளுக்கும், மறுபக்கம் தடவினா இருட்டு. இருட்டுப் பக்கம் விளக்கைப் பார்க்குற மாதிரி வச்சுட்டேன். மாடியில அதைச் சோதிக்கும்போது விளக்கையும் அணைச்சுடலாம்னு ஸ்விட்சுல கை வச்சேன். உன் அண்ணன் பின்னாடியே ஏறி வந்துட்டார். அப்புறம் நடந்தது நடந்தபடி எழுதுறேன்.

"அதை ஏண்டி அணைக்கிற?"

"அது வெளிச்சம் படத்துல வில்லா விழுதுங்க."

"விழத்தான் செய்யும். அதைச் சுத்தி எவ்வளவு பெரிய வளையம் நிக்குது பாரு. அதுல பாதி உன் குழாய்க்குள்ள போயிருக்கும்."

நான் விளக்கைப் பார்த்தேன். பல்பு இருக்கு, ஒரு பூச்சி இருக்கு. வளையம் இல்ல.

"என்ன வளையம்?"

"கண்ணு தெரியலையா உனக்கு? பெரிய வளையம், நாலா பக்கமும் மீசை மீசையா நீட்டிட்டு. பெரிய பல்புன்னா மீசை இருக்கத்தான் செய்யும். லாரி விளக்குக்கெல்லாம் இன்னும் பெரிய மீசை."

நியாயமா நான் அங்க என்ன சொல்லியிருக்கணும்? அவர் மீசையைப் பத்தி நாலு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். நீ எழுதினதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. கேமராவோட சேர்ந்து திரும்பினா கோளாறு கேமராவுக்குள்ள.

"ஏங்க, அந்த மீசையில ஒண்ணு எந்தப் பக்கம் நீளமா இருக்கு?"

"மேல."

"விளக்கையே பாருங்க. இப்ப தலையை மட்டும் தோள் பக்கமா சாய்ங்க."

"என்னடி விளையாட்டு இது?"

"சாய்ங்களேன். போட்டோ பிடிக்கிறவங்க சோதனை."

சாய்ச்சார். மறுபக்கம் சாய்ச்சார். திரும்ப முதல் பக்கம். பல்பு ஆணி அடிச்ச மாதிரி அதே இடத்துல இருக்கு.

"மீசை எங்க இருக்கு?"

"என்கூடவே சாயுது"ன்னார்.

அவ்வளவுதான். படியில உட்கார்ந்துட்டார். நானும் உட்கார்ந்தேன். பஸ்ஸு, டிப்போ, தள்ளுவண்டி, எதையும் நான் எடுக்கல. "எத்தனை விளக்கைத் தப்பா திட்டியிருக்கேன்"ன்னார். அப்புறம், "இது எனக்கே தெரியல. முன் சீட்டுல உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னார்.

உன் பேரைச் சொல்லல. ஆனா நீ போனதுலேருந்து அவர் வாயில உன்னைப் பத்தி வந்த முதல் பேச்சு அதுதான்.

காலையில அவரே சட்டையை மாட்டிட்டு கண்ணாஸ்பத்திரிக்கு எங்க பஸ் ஏறணும்னு கேட்டார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டினவர், என்கிட்ட கேக்குறார்.

அண்ணி

*

பிப்ரவரி 21

அண்ணி,

அவர் படியில உட்கார்ந்தார்னு எழுதியிருந்தீங்க. அதோட மடிச்சு வச்சுட்டேன். சாப்பிடப் போகல. ஜெயிச்ச மாதிரி இருக்கும்னு நினைச்சிருந்தேன், அப்படி இல்ல.

அது கண்புரையாத்தான் இருக்கும். கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் மங்கிப்போய், வர்ற வெளிச்சத்தைச் சிதற விடுது. அதை எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. டெலஸ்கோப்புக்குத் துணி மாத்தின மாதிரிதான்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

வரச் சொல்லி எழுதுவீங்கன்னு தெரியும். எழுதாதீங்க. படியேறாதேன்னு அவர் வாயால சொன்னார். நீங்க எத்தனை கூப்பிட்டாலும் அந்த வார்த்தை அந்தப் படியிலயே உட்கார்ந்திருக்கும், நான் அதை மிதிச்சுட்டு வர முடியாது. அண்ணன் பேச்சை நான் மீறினதே ஒரே ஒரு தடவைதான். இன்னொரு தடவை வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு அவரைத் தனியா விடாதீங்க. கையைப் பிடிச்சுக்கங்க. பிடிக்க விட மாட்டார், அப்பவும் பிடிச்சுக்கங்க.

கொழுந்தன்

*

மார்ச் 10

என் அருமைத் தந்திக் கம்பத்துக்கு,

உட்கார்ந்து படி. நீளமான லெட்டர். போட்டோவைக் கடைசியிலதான் பார்க்கணும், திருட்டுத்தனமா முதல்ல எடுத்தா கண்டுபிடிச்சுடுவேன்.

புரையேதான். இடது கண்ணை முடிச்சாச்சு. கையைப் பிடிச்சேன். பிடிக்க விடல. அப்பவும் பிடிச்சேன். உள்ள கூட்டிட்டுப் போறப்ப அவர்தான் என் கையை விடல, நர்ஸ் பிரிச்சு விட வேண்டியதாப் போச்சு. வெளிய சொல்லிடாதே.

கட்டுப் பிரிச்சதும் முதல்ல என்னைப் பார்த்தார். "இந்தப் புடவை நீலமா? நான் சாம்பல்னு நினைச்சுட்டு இருந்தேன்"ன்னார். ரெண்டு வருஷமா கட்டுறேன்! பழைய கண்ணை மூடுவார், "வெள்ளை"ம்பார். புதுக் கண்ணை மூடுவார், "டீ கறை"ம்பார். சுவர், தட்டு, தலையணை, எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டே வீடு பூரா நடந்தார். நான் சிரிக்கல, அழுகையும் இல்ல, நடுவுல என்னமோ ஒண்ணு.

டாக்டர் சரின்னதும் ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்தார். அவரே ஸ்விட்சை அணைச்சார். அண்ணாந்து பார்த்தார். அந்த மூணு பொத்தானையும் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார்.

"இவளே."

"என்னங்க?"

"நட்சத்திரத்துக்கு மீசையே கிடையாதா?"

"கிடையாதுங்க."

"இத்தனூண்டு புள்ளியா? இத்தனூண்டா இருந்துட்டா அவ்வளவு தூரம் வருது?"

அவர் என்னைக் கேக்கல.

அன்னைக்கு எடுத்த படம்தான் உள்ள இருக்கு. வில் போயே போச்சு. பிரிண்ட் வந்ததும் நான் ரோஜாப் புகையைத்தான் பார்த்தேன். இவர் வாங்கிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் கொண்டு போனார். "இதுக்கு மேல நீலமா ஒண்ணு இருக்கே, நீ பார்த்தியா?" நான் பார்க்கல. வலது கண்ணால பார்த்தார், இல்லையாம். இடது கண்ணால பார்த்தார், இருக்காம். அவர் விரலை வச்ச இடத்துல கண்ணை வச்சுப் பார்த்தேன். ஐயோ கொழுந்தா! மூச்சு விட்டா கலைஞ்சிடும் போல, மெல்லிசா, நீலமா, இன்னொரு புகை. அந்த வில் விழுந்துட்டு இருந்த அதே இடம்! இவ்வளவு நாளும் அது மேல நம்ம வீட்டுப் பல்பு ஏறி உட்கார்ந்திருக்கு.

இதுவும் திருட்டு வெளிச்சமா இருந்தா? இந்த மனுஷன் இன்னொரு தடவை படியில உட்கார்றதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. மறுநாள் அவரை விட்டே பீரங்கியை நகர்த்தச் சொன்னேன். அடுத்த படம் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் கேமராவையே பார்த்துட்டு நின்னோம்.

நகர்ந்துச்சு. நட்சத்திரங்களோட சேர்ந்து, அது பாட்டுக்கு, ஒழுங்கா நகர்ந்துச்சு. அது வானத்துச் சொத்து.

யாரோ எப்பவோ கண்டுபிடிச்சு வச்சதாத்தான் இருக்கும். எனக்குக் கவலை இல்ல. இந்த வீட்டுல உன் அண்ணன்தான் முதல்ல பார்த்தார், எழுதி வச்சுக்கோ. படத்தைச் சட்டைப் பையில வச்சுட்டு டிப்போ பூரா காட்டுறார். கண்டக்டர்கள் அவர் வந்தாலே ஓடுறாங்களாம்.

இப்ப வலது கண். டாக்டர் தேதி கொடுத்தார், இவர் மாட்டேன்னுட்டார். ஏன்னு கேட்டேன். "ஒரு கண்ணுக்கு நீ கையைப் பிடிச்ச. இன்னொண்ணுக்கு அவன் வரட்டும். அவன் சொல்லித்தானே தெரிஞ்சுது, அவனே முடிச்சு வைக்கட்டும்." சொன்னது இந்த அண்ணி இல்ல, உன் அண்ணன், அவர் வாயால. நீ வரலைன்னா பாதி உலகத்தை டீ கறையாவே பார்த்துட்டு இருப்பாராம். மிரட்டுறார்.

நான் எழுதிட்டு இருக்கிறதைப் பார்த்துட்டு இன்னும் ஒண்ணு சேர்க்கச் சொன்னார். மாடிப்படி விளக்கை இப்பெல்லாம் தினமும் அவர்தான் அணைக்கிறார். நீ வர்ற அன்னைக்கு மட்டும் எரிய விடுறாராம். சுரங்கத்துல கிடந்துட்டு வர்றவன், படியேறும்போது தடுக்கிடக் கூடாதாம்.

அண்ணி